உள்பக்கத்தைக் காட்டுங்க தம்பி

ரோஸ்மேரி டீச்சர் போய்விட்ட செய்தி வந்தபோது நான் பட்டறையில் ஒரு தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நலச் சங்கத் தலைவர் செல்வராஜ் அண்ணன்தான் போன் செய்தார். "காதரு, கையில வேலையா இருக்கியா?" என்றார். ஆமாம் என்றேன். "கீழ வச்சுட்டுக் கேளு. நம்ம டீச்சர் காலையில போயிட்டாங்கப்பா. திருநகர்ல மக வீட்டுலதான். காப்பி குடுக்க எழுப்பப் போயிருக்காங்க, எந்திரிக்கல" என்றார். நான் கையில் இருந்ததைக் கீழே வைக்கவில்லை. ஸ்பேனரைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் யாரோ ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். போய் அதை எடுத்துத் தரையில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

உங்களில் பெரும்பாலோருக்கு அவர் மிஷன் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர். சிலருக்குத் தெருக்காரர், சிலருக்கு சர்ச்சில் பக்கத்து பெஞ்சுக்காரர். எனக்கு அவர் வாடிக்கையாளர். அதுவும் என்னை நம்பாத வாடிக்கையாளர். சங்கம் போடும் இந்த நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னபோது, எனக்கென்ன எழுத வரும், அவரிடம் பாடம் படித்தவர்கள் எழுதட்டும் என்றேன். "அவங்ககிட்ட அதிகமாக் கோவிச்சுக்கிட்டவன் நீதானப்பா, நீ எழுது" என்றார் செல்வராஜ் அண்ணன். அது உண்மை என்பதால் எழுதுகிறேன்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பெட்டியைச் சுற்றி அவரிடம் தையல் படித்த பெண்கள் நின்றார்கள். நரை விழுந்தவர்களும் இருந்தார்கள், இடுப்பில் குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். அதில் ஒரு பெண் குனிந்து, பெட்டிக்குள் விரித்திருந்த வெள்ளைத் துணியின் ஓரத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தார். "உள்தையல் அம்புட்டும் கோணல். டீச்சர் பாத்திருந்தா பிரிச்சுத் தைக்கச் சொல்லிருப்பாங்க" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த எங்களுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

டீச்சரை எனக்குப் பழக்கமாக்கியது ஒரு படகு எஞ்சின். மதுரையில் ஒரு நலச் சங்கத்துக்கு எஞ்சின் படகு இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வில்லாபுரத்துக்கு அந்தப் பக்கம், கண்மாய்க்குக் கீழே உள்ள தெருக்களில் குடியிருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஒரு மழைக்குக் கண்மாய் நிறைந்து தெருவுக்குள் வந்து, ஜனங்கள் மொட்டை மாடியில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்த பிறகு, அந்தத் தெருக்களிலிருந்து வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் சேர்ந்து ஒரு ஃபைபர் படகும் அதன் பின்னால் மாட்டுகிற எஞ்சினும் வாங்கிக் கொடுத்தார்கள். நான் ஓமனில் ஒரு படகுப் பட்டறையில் பல வருடம் இந்த எஞ்சின்களோடுதான் கிடந்தேன். ஊருக்குத் திரும்பி அவனியாபுரத்தில் பட்டறை போட்டு, பம்புசெட்டும் ஜெனரேட்டரும் பார்த்துக்கொண்டிருந்தவனைத் தேடி வந்தார்கள். மழைக்கு முன்னால் வருடம் ஒருமுறை சர்வீஸ் என்று பேச்சு. கூலியை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் தொழில் சங்கதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தினமும் ஓடுகிற எஞ்சினில் ஏமாற்ற முடியாது. மறுநாளே அது காட்டிக்கொடுத்துவிடும். வருடம் முழுக்கக் கொட்டகையில் தூங்குகிற எஞ்சினுக்கு சர்வீஸ் செய்துவிட்டேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். மேலே துடைத்து, எண்ணெய் பூசி, பளபளவென்று திருப்பிக் கொடுத்தால் போதும். தெருவுக்குள் தண்ணீர் வருகிற அன்றைக்குத்தான் உண்மை தெரியும். அன்றைக்குத் தெரிந்து என்ன செய்வது? சங்கத்தில் இதை முதலில் யோசித்தவர் அப்போது செயலாளராக இருந்த டீச்சர்தான்.

முதல் வருடம் எஞ்சினைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கூட வந்த ஆண்கள் இறக்கி வைத்துவிட்டு, "பாத்துப் பண்ணுங்கண்ணே" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். ஷேர் ஆட்டோவில் பின்னாலேயே வந்த டீச்சர் மட்டும் நின்றார். கைத்தறிப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. நான், "நாளைக்கு முடிச்சு வச்சிருவேன் டீச்சர், சாயங்காலம் ஆள் அனுப்புங்க" என்றேன்.

"நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"காலையிலயே ஆரம்பிச்சிருவேன்."

"அப்ப நான் காலையிலயே வாரேன். நான் வர்ற வரைக்கும் திறக்காதீங்க தம்பி. உக்கார ஒரு நாற்காலி மட்டும் போட்டு வைங்க."

எனக்குச் சுரீரென்று ஏறியது. என் பட்டறையில் என்னைக் காவல் காக்க ஒரு தையல் டீச்சரா? ஓமனில் அரபி முதலாளி சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவான். வீட்டில் போய்ப் பொரிந்து தள்ளினேன். என் மனைவி சோற்றைப் போட்டபடி, "ஜாக்கெட் தைக்கக் குடுத்துட்டு நாங்களும் கடையிலயேதான் உக்காந்திருக்கோம். டெய்லர் என்ன கோவிச்சுக்கிறாரா?" என்றாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

மறுநாள் சொன்னபடி வந்தார். நாற்காலியை வேலை மேஜைக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். டீ சொன்னேன். "வேலை முடியட்டும், அப்புறம் குடிக்கிறேன்" என்றார். பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கும்போது பிள்ளைகள் கையிலிருந்து மிட்டாய்கூட வாங்கித் தின்னமாட்டாராம். எஞ்சினைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. எதைக் கழற்றினாலும், "இது என்ன, எதுக்கு?" என்று கேட்பார். பதில் சொன்னால் தலையாட்டுவார். புதியதை மாட்டினால், "பழசு எங்க?" என்பார். எதையாவது துடைத்து அவர் பக்கம் நீட்டினால் அவர் முகம் மலராது. "உள்பக்கத்தைக் காட்டுங்க தம்பி" என்பார்.

அது அவருடைய பள்ளிக்கூட வார்த்தை என்று பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் பூவேலை செய்த கைக்குட்டையைக் கொண்டுவந்து நீட்டினால் பூவைப் பார்க்கவே மாட்டாராம். திருப்பிப் போட்டு முடிச்சைத்தான் பார்ப்பாராம். பட்டறை வாசலில் போன ஒரு பெண் அவரை அடையாளம் கண்டு உள்ளே வந்துவிட்டார். "டீச்சர், இங்க என்ன பண்றீங்க?" என்று ஆச்சரியப்பட்டதற்கு, "எஞ்சினுக்கு ஹால் டூட்டி பாக்குறேன்மா" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, காப்பியடித்து மாட்டிக்கொண்டவனைப் பார்க்கிற பார்வை.

கடைசியில் பெரிய ட்ரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் கால் போல நீண்ட அடிப்பகுதியை அதற்குள் இறக்கி ஓட்டிக் காட்டினேன். இந்த எஞ்சின் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளத் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சிய தண்ணீரில் ஒரு சின்னத் தாரை பக்கத்துத் துவாரம் வழியாக வெளியே பீய்ச்சும். அந்தத் தாரை வந்தால் உள்ளே பம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்குப் பட்டறைக்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறோம், டீச்சர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. "அது வந்து... தண்ணி போகுதுல்ல டீச்சர்..." என்று இழுத்தேன். "ஒண்ணுக்குப் போகுதுன்னு சொல்லுங்களேன். பிள்ளைகளுக்கும் அதானே முதல்ல பாப்போம்" என்றார். எழுந்து வந்து அந்தத் தாரையில் கையை நீட்டிப் பார்த்து, "லேசா வெதுவெதுப்பு. சரிதானா?" என்றார். சரிதான் என்றேன். "அப்ப டீ சொல்லுங்க" என்றார்.

இது வருடா வருடம் நடந்தது. ஒரு வருடம் சர்வீஸ் வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டது. பாங்கு கேட்டதும், பாதி திறந்த எஞ்சினை மூடிவிடட்டுமா என்று கேட்டேன். "நீங்க போய்த் தொழுதுட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்" என்றார். திரும்பி வந்து பார்த்தால், ரிப்பேருக்குக் கொடுத்திருந்த தோட்டத்துப் பம்பை வாங்க வந்த ஒரு சம்சாரி டீச்சர் பக்கத்தில் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உங்க பம்பைத் திறந்து காட்டுவாரு, பாத்துட்டுப் போங்கன்னு டீச்சரம்மா சொல்லுச்சு" என்றார். வேறு வழியில்லாமல் மூடிவைத்த பம்பை மறுபடியும் திறந்து காட்டினேன். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே பொறுமை போய்விட்டது. கேட்டும் விட்டேன். "இம்புட்டு வருசம் ஆச்சு, இன்னும் எம்மேல நம்பிக்கை வரலையா டீச்சர்?"

அவர் கோபப்படவில்லை. "நம்பிக்கை எல்லாம் ஜெபத்துக்கு தம்பி. எஞ்சினுக்கு ஒரு ஆள் உக்காந்து பாத்தாப் போதும்" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. டீயில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லி அனுப்பினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

பிறகு ஒரு ஐப்பசியில் விடாமல் பெய்து கண்மாய் மறுபடியும் தெருவுக்குள் வந்தது. படகை இறக்கினார்கள். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துவிட்டது என்று எனக்குப் போனில் சொன்னார்கள். நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பிற்பகலில் வேறு செய்தி வந்தது. கடைசித் தெருவில் நெஞ்சுவலி வந்த ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது நடுத் தெருவில் எஞ்சின் நின்றுவிட்டது. மறுபடி பிடிக்கவே இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்கள் இறங்கிப் படகைக் கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள். பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த ஒரு நாள் முழுக்க அவர் பிழைப்பாரா என்று யாருக்கும் தெரியாது.

தண்ணீர் வடிவதற்குள் என் பெயர் போய்விட்டது. காசை வாங்கிக்கொண்டு சர்வீஸ் செய்யாமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். அது எப்படியோ அவனியாபுரத்துக்கும் வந்துவிட்டது. என்னிடம் பல வருடமாக வேலை கொடுக்கிற ஒருவர் வந்து, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "ஏன் மாப்ள, என் ஜெனரேட்டரையாச்சும் நெசமாத் திறந்தியா?" நானும் சிரித்து வைத்தேன். அந்த எஞ்சினுக்கு நான் செய்த வேலை சுத்தமான வேலை. அதை யாரிடம் போய் எப்படி நிரூபிப்பது? செய்த வேலை உள்ளே இருக்கிறது, மூடி வெளியே இருக்கிறது.

சங்கத்தில் கூட்டம் போட்டு என்னை வரச் சொன்னார்கள். போனேன். பெரியவரின் மகன்தான் முதலில் எழுந்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. "எங்கப்பா செத்திருந்தா யாரு பதில் சொல்லுவா? இந்த ஆளு எஞ்சினத் தொட்டே பாக்கலைங்கறேன் நானு" என்று கத்தினார். "காதர் அப்படிச் செய்யிற ஆள் இல்ல, எனக்கு நம்பிக்கை இருக்கு" என்று செல்வராஜ் அண்ணன் சொல்லிப் பார்த்தார். "உங்க நம்பிக்கைய நீங்களே வச்சுக்கங்க" என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

அப்போது டீச்சர் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "தொட்டார். நான் பாத்தேன்" என்றார். விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொன்னார்: "பழைய பெட்ரோல் எல்லாத்தையும் வடிச்சார். ரெண்டு பிளக்கும் மாத்தினார், பழசை என் கையில குடுத்தார். அடியில இருக்கிற எண்ணெயை இறக்கி, அது மோர் மாதிரி வெளுக்கலை, உள்ள தண்ணி போகலைன்னு காட்டினார். தண்ணி உறிஞ்சுற பம்புக்குள்ள பூ மாதிரி ஒரு ரப்பர் இருக்கு. பழசுல ஒரு இதழ் கிழிஞ்சிருந்துச்சு. புதுசு போட்டார். உள்பக்கத்தைக் காட்டச் சொன்னேன், காட்டினார். ட்ரம்முல ஓட்டினார், தண்ணி என் கையில பட்டுச்சு. அதுக்கப்புறம்தான் நான் டீ குடிச்சேன்."

"அப்ப ஏன் டீச்சர் நின்னுச்சு?" என்றார் அந்த மகன். இப்போது அவர் குரலில் பாதிக் கோபம்தான் இருந்தது.

"அது எனக்குத் தெரியாது. எஞ்சினை இங்க கொண்டுவாங்க. எல்லார் முன்னாடியும் அவர் திறக்கட்டும். நீங்க முன்னால வந்து உக்காருங்க."

எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தேன். திறக்கத் தேவையே இருக்கவில்லை. கால் போன்ற அந்த அடிப்பகுதியைத் திருப்பியதுமே தெரிந்துவிட்டது. தண்ணீரை உறிஞ்சுகிற சல்லடையில் ஒரு கேரி பேக் அப்பியிருந்தது. தெருத் தண்ணீரில் மிதந்தது, உறிஞ்சலில் போய் ஒட்டிக்கொண்டு, எஞ்சின் சூடேறி நின்றிருக்கிறது. மூடியைக் கழற்றி உள்ளேயும் காட்டினேன். மகன் குனிந்து பார்த்தார். சூடானால் இந்த எஞ்சின் பீப் பீப்பென்று கத்துமே, கேட்கவில்லையா என்று படகில் இருந்தவர்களிடம் கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கேட்டுச்சுண்ணே. யாரோ போனுன்னு நெனச்சோம்" என்றார் ஒருவர். "நான் என் போன எடுத்துக்கூடப் பாத்தேன்" என்றார் இன்னொருவர். அந்த மகன்தான் முதலில் சிரித்தார். வெளியே போகும்போது என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு டீச்சரிடம் போய் நன்றி சொன்னேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. "உங்களுக்காகப் பேசலை தம்பி. பாத்ததைச் சொன்னேன். பாக்காம இருந்திருந்தா நானும் செல்வராஜ் மாதிரி நம்பிக்கைன்னுதான் சொல்லிருப்பேன். என்னையும் உக்கார வச்சிருப்பாங்க" என்றார். பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். என்னை நம்பிய அண்ணனால் என்னைக் காப்பாற்ற முடியவில்லை. நம்பாமல் வந்து உட்கார்ந்தவரால் முடிந்தது. அவர் நாற்காலியில் இருந்து பார்த்தது என் திருட்டை அல்ல, என் வேலையை. இத்தனை வருடத்தில் என் வேலையை முழுதாக உட்கார்ந்து பார்த்த ஒரே மனுஷி அவர்தான். அதை நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

போன வருடம் மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். கண் பார்வை மங்கிவிட்டது. செயலாளர் பொறுப்பையும் விட்டிருந்தார். வழக்கமான இடத்தில் நாற்காலியைப் போட்டேன். "பாக்குறதுக்குக் கண்ணு இல்ல. ஒவ்வொண்ணா கையில குடுங்க" என்றார். பழைய ரப்பரையும் புதிய ரப்பரையும் கொடுத்தேன். தையல்காரியின் விரல் அல்லவா, ஒவ்வொரு இதழாக மடக்கி விட்டுப் பார்த்தார். "இது விறைச்சுப் போச்சு. இது துள்ளுது" என்று சரியாகப் பழையதைத் திருப்பிக் கொடுத்தார். ட்ரம்மில் ஓட்டியபோது மகள் பிடித்துக் கூட்டிவர, தாரையில் கையை நீட்டினார். டீ குடித்தார். அன்றைக்குச் சர்க்கரை சரியாகவே போடச் சொல்லியிருந்தேன்.

இந்த வருடம் எஞ்சின் போன வாரமே பட்டறைக்கு வந்துவிட்டது. இப்போதைய செயலாளர் அருண் தம்பி, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நல்ல பிள்ளை, போன் செய்தார். "அண்ணே, உங்க மேல முழு நம்பிக்கை இருக்கு. யாரும் வர வேண்டியதில்லை. முடிச்சுட்டு ஒரு போட்டோ மட்டும் அனுப்பி விடுங்க" என்றார். முதல் வருடம் டீச்சரின் வாயிலிருந்து நான் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான். இப்போது கேட்டபோது எதிரே கிடந்த காலி நாற்காலியைத்தான் பார்த்தேன். "இல்ல தம்பி. யாராச்சும் வந்து உக்காரணும். அதுவரைக்கும் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். "என்னண்ணே, நீங்களே இப்படிச் சொல்றீங்க" என்று அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பிடிவாதம்தான். எஞ்சின் என் வேலை மேஜையில், மூடி கழற்றாமல் இருக்கிறது. எதிரே நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். அதில் இப்போது யாரையும் ஹெல்மெட் வைக்க விடுவதில்லை. மழை நெருங்கிவிட்டது. இதைப் படிக்கிற உங்களில் யாராவது ஒருவர் வாருங்கள். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம், உள்பக்கத்தைக் காட்டச் சொன்னால் போதும். டீ மட்டும் வேலை முடிந்த பிறகுதான்.